43 பேர் வகுப்பில் குழுக் கற்றல்: ஒருவர் எழுத, மற்றவர் பார்டர் போடுவதை எப்படி நிறுத்துவது?

#1 தமிழ்_பத்து

வணக்கம். பத்தாம் வகுப்பு, 43 பேர். அகப்பொருள் இலக்கணத்தில் ஐந்திணைப் பகுதியைக் குழுப்பணியாக நடத்த இரண்டு பாடவேளை இருக்கிறது, 45 நிமிடம் வீதம்.

பரவலாக நடக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். எட்டுப் பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு சார்ட், ஸ்கெட்ச் பேனா. கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை எழுதும், இரண்டு பேர் பார்டர் போடுவார்கள், மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். சார்ட் சுவரில் அழகாகத் தொங்கும். மறுநாள் "முல்லைக்குச் சிறுபொழுது எது?" என்று கேட்டால் எழுதிய பிள்ளை மட்டும் கை தூக்கும்.

மூன்று கேள்வி. குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்? யாரை யாரோடு சேர்ப்பது? குழுவுக்கு ஒரே மதிப்பெண் போடலாமா?

#2 அறிவியல்_எட்டு

டீச்சர், கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, கொடுத்த வேலையில் இருக்கிறது. ஒருவர் தனியாக முடித்துவிடக்கூடிய வேலையை எட்டுப் பேரிடம் கொடுத்தால் ஒருவர்தான் முடிப்பார். ஒரு சார்ட், ஒரு பேனா, விடை முழுவதும் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களில். மற்ற ஏழு பேருக்கு அங்கே செய்ய என்ன இருக்கிறது?

பிரான்சில் வேளாண் பொறியாளராக இருந்த மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913-ல் முடிவை வெளியிட்டார். ஆள் கூடக் கூட மொத்த இழுவிசை கூடுகிறது, ஆனால் தலைக்கு விழும் பங்கு குறைகிறது. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். நம் பங்கு தனியாகத் தெரியப்போவதில்லை என்ற தளர்ச்சி இன்னொன்று. அமெரிக்க உளவியலாளர் பிப் லட்டானேயும் அவருடைய கூட்டாளிகளும் 1979-ல் கைதட்டல், கூச்சல் சத்தத்தை அளந்து இந்த இரண்டாவது காரணத்தைப் பிரித்துக் காட்டினார்கள். தன் பங்கு தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்தத் தளர்ச்சி பெரும்பாலும் போய்விடும் என்று அடுத்து வந்த சோதனைகள் காட்டின.

வகுப்பறையில் இதற்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். அடுத்தவர் இல்லாமல் என் வேலை முடியக்கூடாது. நான் கற்றேனா இல்லையா என்பது என் பெயரில் தனியாகத் தெரிய வேண்டும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான்சன் சகோதரர்கள் ஐந்து கூறு சொல்வார்கள்: ஒருவரை ஒருவர் சார்ந்திருத்தல், தனிப் பொறுப்பு, முகம் பார்த்துப் பேசுதல், பழகும் திறன், முடிந்தபின் குழு தன் வேலையைத் தானே அலசிப் பார்த்தல். ஐந்தும் தேவைதான். ஆனால் முதல் இரண்டும் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை. வெறுமனே பெஞ்சைத் திருப்பிப் போட்டதைக் கூட்டுக் கற்றல் என்று சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஐந்திணைக்கு ஜிக்சா முறை அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் 1971-ல் இதை உருவாக்கினார்கள். கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்த நேரம், அடுத்தவரோடு போட்டி போட்டுக் கை தூக்குவதே படிப்பு என்றிருந்த பழக்கம், அதனால் வகுப்புக்குள்ளேயே பகை. பாடத்தைத் துண்டாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கையில் கொடுத்தார்கள். பக்கத்திலிருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் தேர்வு எழுத முடியும் என்ற நிலை வந்தது.

உங்கள் வகுப்பில் ஐந்து பேர் ஒரு தாய்க் குழு. ஒருவருக்குக் குறிஞ்சி, ஒருவருக்கு முல்லை, இப்படி. குறிஞ்சி வாங்கியவர்கள் எல்லோரும் எழுந்துபோய் வல்லுநர் குழுவாக உட்கார்ந்து அந்தத் துண்டைப் படித்து, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒத்திகை பார்ப்பார்கள். பிறகு தாய்க் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு நான்கு நிமிடம் கற்பிப்பார்கள். கடைசியில் தேர்வு. அதைத் தனித்தனியாக, பக்கம் பார்க்காமல் எழுத வேண்டும். சார்ட் வேண்டாம்.

#3 தமிழ்_பத்து

நன்றி சார். கணக்குத்தான் இடிக்கிறது. 43-ஐ ஐந்தால் வகுத்தால் எட்டுக் குழு, மூன்று பேர் மீதி. குறிஞ்சி வல்லுநர் குழுவில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் பழைய சார்ட் கதைதானே?

#4 அறிவியல்_எட்டு

மிகச் சரியான கேள்வி. ஜிக்சா சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வல்லுநர் குழு எட்டுப் பேரானால் நான்கு பேர் பேசுவார்கள், நான்கு பேர் கேட்டுக்கொண்டு திரும்புவார்கள். அந்த நான்கு பேரின் தாய்க் குழுக்களில் குறிஞ்சி வெறும் வாசிப்பாகிவிடும். ஆகவே வல்லுநர் குழுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

தாய்க் குழு எட்டு. அவற்றில் ஐந்து குழுவில் ஐந்து பேர், மூன்று குழுவில் ஆறு பேர். ஆறு பேர் உள்ள குழுவில் இருவர் ஒரே திணையை வாங்குவார்கள். அந்த இரட்டை மூன்று குழுவிலும் ஒரே திணையாக இருக்க வேண்டாம். ஒன்றில் மருதம், ஒன்றில் நெய்தல், ஒன்றில் பாலை என்று வையுங்கள். அப்போது குறிஞ்சிக்கும் முல்லைக்கும் எட்டெட்டுப் பேர், மற்ற மூன்றுக்கும் ஒன்பது ஒன்பது பேர். எட்டு நான்கு நான்காகும், ஒன்பது நான்கு ஐந்தாகும். மொத்தம் பத்து வல்லுநர் குழு. எதிலும் ஐந்து பேருக்கு மேல் இல்லை.

இரட்டை இடத்தில் அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளையை வையுங்கள். தடுமாறி வாசிக்கும் பிள்ளையையும் அங்கே வைக்கலாம், ஆனால் இருவரையும் ஒரே இரட்டையில் போட வேண்டாம். இரண்டாம் நாள் ஒரு குழுவில் மருதக்காரர் வரவில்லையென்றால், அந்த நான்கு நிமிடத்துக்கு மட்டும் இரட்டை மருதக்காரர் உள்ள குழுவிலிருந்து ஒருவரைக் கடன் வாங்கலாம்.

நேரம் இப்படி வரும். முதல் நாள்: கரும்பலகையில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் அறிமுகம் 5 நிமிடம், இடம் மாற 3, தன் தாளை மௌனமாக வாசிக்க 8, வல்லுநர் குழுவில் அட்டவணை நிரப்ப 10, ஒத்திகை 10, நீங்கள் சுற்றிவந்து குழுவுக்கு ஒருவரைக் கேட்டுப் பார்க்க 5. மீதி 4 நிமிடத்தைத் தொடாமல் வையுங்கள், இடம் மாறுவதில் கரைந்துவிடும். இரண்டாம் நாள்: உட்கார 3, கற்பிக்க ஐந்து நான்கு 20, நினைவிலிருந்து வெற்று அட்டவணை நிரப்ப 5, தேர்வு 12, விடை சரிபார்க்க 5.

ஒத்திகைக்கு 10 நிமிடம் அதிகமாகத் தோன்றும். அதைக் குறைக்காதீர்கள். நேரம் இல்லையென்றால் ஆசிரியர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். வெட்டினால் மறுநாள் ஒவ்வொரு வல்லுநரும் தாளைப் பார்த்துப் படிப்பார், மற்ற நான்கு பேரும் குனிந்து எழுதிக்கொள்வார்கள். அது டிக்டேஷன். ஒத்திகையில் தாளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். மறுநாள் கற்பிக்கும் நான்கு நிமிடமும் எல்லோர் நோட்டும் மூடியே இருக்க வேண்டும். எழுதுவது அதற்குப் பிறகு, நினைவிலிருந்து.

#5 கணக்கு_ஏழு

ஜிக்சாவுக்கு ஒரு எல்லை சொல்லிவிடுகிறேன். துண்டுகள் தனித்தனியே நிற்கும் பாடத்துக்குத்தான் அது பொருந்தும். ஐந்திணை நிற்கும். கணக்கில் பின்னக் கூட்டல் ஒருவருக்கு, பெருக்கல் ஒருவருக்கு என்று பிரித்தால், கூட்டல் தெரியாமல் அடுத்ததற்கு எப்படிப் போவது? படிப்படியாக ஏறும் பாடத்துக்கு வேறு முறை இருக்கிறது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்லாவின் வடிவமைத்த ஸ்டாட் (STAD) என்ற குழுப் பயிற்சி முறை. கணக்கு ஆசிரியர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

முதலில் குழு பிரிப்பு. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுவே விடை. கடந்த மூன்று தேர்வின் சராசரியை வைத்து 1 முதல் 40 வரை வரிசை எழுதுங்கள். பத்துக் குழுவுக்கு எண் கொடுங்கள். முதல் பத்துப் பேர் 1 முதல் 10-ஆம் குழு வரை, அடுத்த பத்துப் பேர் 10-லிருந்து 1 வரை திரும்பி, மறுபடி 1 முதல் 10, மறுபடி 10 முதல் 1. பாம்பு ஊர்வது போல. அப்போது முதல் குழுவில் 1, 20, 21, 40-ஆம் இடத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். இரண்டாம் குழுவில் 2, 19, 22, 39. எந்தக் குழுவின் இடங்களைக் கூட்டினாலும் 82 வரும். மீதி மூன்று பேரை மூன்று குழுவில் ஐந்தாவது ஆளாகச் சேருங்கள். அதன் பிறகு ஆண், பெண், ஒரே தெரு, நேற்றுச் சண்டை போட்டவர்கள் என்று பார்த்து, பக்கத்து இடத்துக்காரர்களை மட்டும் மாற்றுங்கள். இந்த வரிசைப் பட்டியலைப் பிள்ளைகள் கண்ணில் காட்டவே கூடாது.

நடத்தும் முறை: ஆசிரியர் வழக்கம்போலப் பாடம் நடத்துவார், குழு பயிற்சி செய்யும், பிறகு தனித் தேர்வு. பயிற்சியில் ஒரு நுணுக்கம் உண்டு. நான்கு பேருக்கு இரண்டு பயிற்சித்தாள், இரண்டு விடைத்தாள் மட்டும். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் தனித்தனியே போட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு மட்டும் இருந்தால் தலை சேர்ந்தே ஆகவேண்டும்.

தேர்வுக்குப் பிறகு குழுப் புள்ளி. இது மதிப்பெண் அல்ல, முன்னேற்றத்துக்கான புள்ளி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பழைய சராசரிதான் அடிப்படை, எல்லாம் நூற்றுக்குக் கணக்கு. அடிப்படையைவிட 10-க்கு மேல் குறைந்தால் 5 புள்ளி. 1 முதல் 10 வரை குறைந்தால் 10. அடிப்படைக்குச் சமம் முதல் 10 கூடுதல் வரை 20. 10-க்கு மேல் கூடினால் 30. முழு மதிப்பெண் வாங்கினால் அடிப்படை எதுவானாலும் 30.

அடிப்படை 32 உள்ள பிள்ளை 44 வாங்கினால் குழுவுக்கு 30 புள்ளி. அடிப்படை 88 உள்ள பிள்ளை 84 வாங்கினால் 10 புள்ளிதான். கடைசி பெஞ்ச் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு மற்ற மூன்று பேரும் வலியப்போய்ச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். அந்தப் பிள்ளை இப்போது குழுவுக்குப் புள்ளி கொண்டுவரும் ஆள். அடிப்படையை இரண்டு தேர்வுக்கு ஒருமுறை புதிதாகக் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஏற்றத்துக்கு வருடம் முழுவதும் 30 போட்டுக்கொண்டிருப்போம்.

#6 இயற்பியல்_மேனிலை

இதில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. 88 வாங்கும் பிள்ளை, 32 வாங்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் தன் நேரத்தை இழக்கிறது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கு என்ன பதில்? அதோடு குழு மதிப்பெண் என்பது எனக்கு ஒப்புதல் இல்லை. ஒருவர் உழைப்பை நால்வருக்குப் பங்கு போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அநியாயம்.

#7 கணக்கு_ஏழு

சார், இரண்டாவதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். கூட்டுக் கற்றலுக்காகவே வாழ்ந்த ஸ்பென்சர் கேகனே குழு மதிப்பெண்ணைக் கடுமையாக எதிர்த்தவர். மேலே சொன்ன புள்ளி பதிவேட்டுக்குப் போகக்கூடாது. குழுச் சராசரி 15, 20, 25 என்று மூன்று படி வைத்து, எட்டியவர்கள் பெயரைப் பலகையில் எழுதிக் கைதட்டினால் போதும். குழுக்கள் ஒன்றோடு ஒன்று போட்டியிடவும் வேண்டாம், பத்துக் குழுவும் 25 எட்டினால் பத்தின் பெயரும் பலகையில் வரட்டும். வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்தின் இடையிடையே செய்யும் மதிப்பீடு) மதிப்பெண் வேண்டுமென்றால் தனித் தேர்வில் அந்தப் பிள்ளை வாங்கியதை மட்டும் போடுங்கள்.

முதல் கேள்விக்கு: சொல்லிக்கொடுப்பவருக்கும் லாபம் உண்டு, ஆனால் சொல்லும் விதத்தைப் பொறுத்து. கல்வி ஆய்வாளர் நோரீன் வெப் பல வருடம் சிறு குழுக்களின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தவர். ஏன், எப்படி என்று விளக்கிய பிள்ளைகள் தாங்களும் நன்றாகக் கற்றிருந்தார்கள். விடையை மட்டும் வாங்கிக்கொண்ட பிள்ளைகளுக்குப் பயனில்லை. காதால் கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

"மைனஸ் மூணுலேருந்து மைனஸ் அஞ்சு போனா எவ்ளோ?"
"ரெண்டுடா. போடு."

இது விடை கொடுத்தல். எழுதியவனுக்கு ஒன்றும் ஏறவில்லை, சொன்னவனுக்கும் புதிதாக எதுவும் இல்லை.

"மைனஸ் அஞ்சை எடுக்கணும். உங்கிட்ட எத்தனை மைனஸ் இருக்கு?"
"மூணுதான்."
"அப்போ எப்படி அஞ்சு எடுப்ப?"

இதற்கு ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை போதும், தாயத்துக்குத் தேய்ப்போமே, அதேதான். கறுப்பு மைனஸ் ஒன்று, வெள்ளை ப்ளஸ் ஒன்று. மூன்று கறுப்பு வைத்திருக்கிறான். ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தால் பூஜ்யம், ஆகவே இரண்டு ஜோடி சேர்த்தாலும் மதிப்பு மாறாது. இப்போது ஐந்து கறுப்பு, இரண்டு வெள்ளை. ஐந்து கறுப்பையும் எடுத்துவிட்டால் இரண்டு வெள்ளை மீதி. இதை இன்னொருவனுக்குப் புரியும்படி சொல்லவேண்டி வந்தால்தான், 88 வாங்குகிற பிள்ளைக்கும் 'மைனஸும் மைனஸும் ப்ளஸ்' என்ற மனப்பாடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவரும்.

ஆகவே பயிற்சித்தாளில் ஒரு விதியை அச்சடித்துவிடுங்கள்: விடை சொல்லக்கூடாது, அடுத்த படிக்கான கேள்வி கேட்கலாம். இதை ஒருமுறை நீங்களே ஒரு மாணவனோடு வகுப்பின் முன்னால் செய்து காட்ட வேண்டும். சொல்லிக்கொடுக்கும் விதத்தை நாம் சொல்லித்தராமல் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க முடியாது.

#8 அறிவியல்_எட்டு

இயற்பியல் சார், பதினொன்று, பன்னிரண்டுக்கு நிலையான குழுவே தேவையில்லை. ஹார்வர்டில் எரிக் மாசூர் 1991-ல் தொடங்கிய சக மாணவர் விளக்க முறையைப் பாருங்கள். கருத்தைச் சோதிக்கும் ஒரு கொள்குறி வினா. எல்லோரும் தனியாக யோசித்து விடை காட்ட வேண்டும், ஏ, பி, சி, டி எழுதிய நான்கு அட்டை போதும். சரியான விடை 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் பேச விடாதீர்கள், மறுபடி நடத்துங்கள். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். இடையில் இருந்தால் மட்டும், வேறு விடை காட்டியவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதிடச் சொல்லி, மறுபடி அட்டை காட்டச் சொல்லுங்கள். முதல் வாக்கு மௌனமாக இருக்க வேண்டும். பேசிவிட்டு வாக்களித்தால் சத்தமாகப் பேசுகிறவர் விடைதான் வகுப்பின் விடையாகும்.

#9 இயற்பியல்_மேனிலை

30-70 எல்லை பயனுள்ளது. 45 நிமிடத்தில் இரண்டு வினாவுக்கு இடம் இருக்கும். இதை ஏற்கிறேன்.

#10 ஒன்றுமுதல்மூன்று

தொடக்கப்பள்ளியிலிருந்து ஒரு தெளிவு. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது நிலைவாரிப் பிரிப்பு. மொட்டு நிலைப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து அவரவர் பயிற்சிநூலைச் செய்கிறார்கள். அதற்கான நோக்கம் வேறு, அது தேவையும்கூட. ஆனால் அதைக் கூட்டுக் கற்றல் என்று நினைத்து ஆறாம் வகுப்பிலும் 'மெல்லக் கற்போர் குழு' என்று தனியே உட்கார வைப்பது தவறு. அந்தக் குழுவில் விளக்கிச் சொல்ல யாருமே இருக்கமாட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

பழைய செயல்வழிக் கற்றலில் இந்த வித்தியாசம் தெளிவாக இருந்தது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் பல்வகுப்புக் கற்பித்தல் முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுவதும் வந்தது. ஏணிப்படியில் பிள்ளை எந்த அட்டையில் நிற்கிறதோ அதைப் பொறுத்துக் குழுத்தட்டு மாறும். ஆசிரியர் உதவியோடு சில அட்டை, சக மாணவர் உதவியோடு சில, தானாகச் செய்வது சில. இன்று உதவி வாங்கும் குழுவில் இருக்கும் பிள்ளை நாளை வேறு தட்டுக்குப் போகும். எந்தக் குழுவும் ஒரு பிள்ளைக்கு நிரந்தரமாக இருக்கவில்லை.

#11 தரம்8_மட்டக்களப்பு

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2007 சீர்திருத்தத்தோடு ஐந்து படிமுறைக் கற்பித்தல் வந்தபோது, குழுக் கண்டறிதலும் அதன்பின் சமர்ப்பணமும் பாடத்தோடு சேர்ந்தே வந்தன. எங்கே பிழைக்கும் என்றால் சமர்ப்பணத்தில். எட்டுக் குழுவும் ஐந்து நிமிடம் பேசினால் 40 நிமிடப் பாடவேளை முழுவதும் போய்விடும். மூன்றாவது குழு வரும்போதே மற்றப் பிள்ளைகள் தங்கள் தாளைத் திருத்திக்கொண்டிருப்பார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இதற்கு இரண்டு வழி இருக்கு. ஒன்று, எட்டுக் குழுவும் ஒரே நேரத்தில் பேசட்டும். குழுவிலிருந்து ஒருவர் தாளோடு அப்படியே இருக்க, மற்றவர்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்து 3 நிமிடம் கேட்பார்கள், பிறகு அடுத்தது. இருப்பவரை ஒவ்வொரு சுற்றிலும் மாற்ற வேணும், இல்லாவிட்டால் அவர் ஒன்றையும் கேட்காமல் போவார். மற்றது எண் அழைப்பு. குழுவில் ஆளுக்கு 1 முதல் 4 வரை எண். வினாவைப் போட்டு, குழு பேசி முடித்தபின் சீட்டுக் குலுக்கி "3" என்றால், எல்லாக் குழுவின் மூன்றாம் ஆளும் எழும்ப வேணும். யார் எழும்புவார் என்று முன்கூட்டியே தெரியாதபடியால் எல்லோரையும் தயார்ப்படுத்துவது குழுவின் வேலையாகிவிடும். எண்ணை வினாவுக்கு முன்னர் சொல்ல வேண்டாம். சொன்னால் மற்ற மூன்று பேரும் உடனே ஓய்வு.

#12 தமிழ்_பத்து

மட்டக்களப்பு சார், எண் அழைப்பை முதல் நாள் கடைசி 5 நிமிடத்தில் வைத்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு கவலை. சரளமாக வாசிக்காத ஆறேழு பேர் இருக்கிறார்கள். அவர்கள் வல்லுநராகப் போய்க் கற்பிக்கும்போது குழு முகம் சுளிக்கும். அந்தத் திணையே மற்ற நான்கு பேருக்குப் போய்விடுமே?

#13 அறிவியல்_எட்டு

போகாமல் தடுக்க மூன்று இடத்தில் தாங்கு கொடுக்கலாம்.

முதலில் தாள். திணைக்கு ஒரு பக்கம், 120 முதல் 150 சொல், எழுத்து கொஞ்சம் பெரிதாக. கீழே மூன்று வழிகாட்டு வினா, ஒரு வெற்று அட்டவணை: நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, தெய்வம், மக்கள், உரிப்பொருள். பாடநூல் அட்டவணையை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் வாசிக்க ஒன்றும் இருக்காது, பேசவும் இருக்காது. சொற்றொடராக எழுதிக் கொடுங்கள், அதிலிருந்து அட்டவணையை அவர்களே எடுக்கட்டும்.

இரண்டாவது, வல்லுநர் குழுவில் முதல் முறை சரளமாக வாசிக்கும் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் விரல் வைத்துத் தொடரட்டும். ஜிக்சாவில் கற்பிக்கிறவர் வாயால் சொன்னால் போதும், வாசித்துக்காட்ட வேண்டியதில்லை. வாசிப்பில் தடுமாறும் பல பிள்ளைகள் பேச்சில் தடுமாறுவதில்லை. நெய்தல் நிலத்தைக் கடற்கரைக் கிராமத்துப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், தாளில் இல்லாததும் வரும்.

மூன்றாவது, முகம் சுளிப்பு. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் கோஹன் இதைத்தான் ஆய்வு செய்தார். வகுப்பில் 'படிப்பாளி' என்று பெயர் வாங்கிய பிள்ளை அதிகம் பேசும், அதிகம் கற்கும். பெயர் இல்லாத பிள்ளை சரியாகச் சொன்னாலும் காதில் விழாது. அவர் சொன்ன மருந்து, அந்தப் பிள்ளை உண்மையிலேயே நன்றாகச் செய்த ஒன்றை ஆசிரியர் குழுவின் முன்னால் குறிப்பாகச் சொல்வது. "சபாஷ்" என்பது போதாது. "பாலைக்கு ஏன் நண்பகல் என்று இவள் கேட்டாளே, அந்தக் கேள்வி இல்லாவிட்டால் இந்தக் குழு உரிப்பொருளுக்கே போயிருக்காது" என்று சொன்னால் மற்றவர்கள் அடுத்த முறை திரும்பிப் பார்ப்பார்கள். பொய்ப் பாராட்டு வேண்டாம், பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

குழுத் தலைவர் என்று யாரையும் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. தலைவர் இருந்தால் வல்லுநர் பேசும்போது தலைவர் திருத்துவார். நேரம் பார்ப்பவர், "புரிந்ததா, திருப்பிச் சொல்" என்று கேட்பவர், இந்த இரண்டு பொறுப்பு போதும், அதுவும் திணைக்குத் திணை மாறிக்கொண்டே.

#14 கணக்கு_ஏழு

பெஞ்ச் பற்றி யாரும் சொல்லவில்லை. நீள பெஞ்ச் உள்ள அறையில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் 6 நிமிடமும் பக்கத்து வகுப்பு ஆசிரியரின் பொறுமையும் போய்விடும். ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் பெஞ்சில் இருப்பவர்கள் மட்டும் காலை அந்தப் பக்கம் போட்டுத் திரும்பி உட்கார்ந்தால் போதும். இருவர் இருவர் எதிரெதிர். தாளை நடுவில் வையுங்கள். ஒரு முனையில் இருப்பவருக்குத் தாள் எட்டவில்லையென்றால் அவர் அந்தக் குழுவில் இல்லை என்றே அர்த்தம்.

சத்தத்துக்கு: நீங்கள் கை தூக்கினால் பார்த்தவர் கை தூக்கி வாயை மூட வேண்டும், பத்து நொடியில் அறை அடங்க வேண்டும். இதைப் பாடம் இல்லாத ஒரு நாளில் நான்கைந்து முறை பழக்குங்கள். மேசையைத் தட்டி "சைலன்ஸ்" என்று கத்தினால் அறையின் சத்தத்தில் நம் சத்தமும் சேரும்.

#15 தமிழ்_பத்து

எல்லோருக்கும் நன்றி. தேர்வு வரைவு இது. தனித்தனியே, 12 நிமிடம், 10 மதிப்பெண். திணைக்கு ஒன்றாக ஐந்து ஒரு மதிப்பெண் வினா. பிறகு:

6. பெரும்பொழுது ஆறும் உரிய திணைகள் எவை? (1)
7. சிறுபொழுது ஆறில் எந்தத் திணைக்கும் வராதது எது? (2)
8. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. எந்த இரண்டு நிலம் திரிந்து பாலையாகிறது? பிரிவுக்கும் வேனிலுக்கும் என்ன பொருத்தம்? (2)

#16 அறிவியல்_எட்டு

6, 7, 8 மூன்றும் அருமை டீச்சர். தன் தாளை மட்டும் வைத்து யாரும் விடை எழுத முடியாது. 6-க்கு மருதமும் நெய்தலும் சேர வேண்டும், 7-க்கு ஐந்து பேரையும் கேட்டிருக்க வேண்டும். எட்டாவதில் குறிஞ்சி, முல்லை என்ற விடையைப் பாலைத் தாளில் அச்சடிக்காதீர்கள். 'உன் குழுவில் இருவரிடம் கேட்டுக் கண்டுபிடி' என்று வெற்றிடமாக விடுங்கள்.

#17 இலக்கணம்_மட்டும்

ஏழாவது வினாவில் இரண்டு திருத்தம். யாமம், மாலை, வைகறை, எற்பாடு, நண்பகல் ஐந்தும் ஐந்து தாளில் வந்துவிடும். காலை எந்தத் தாளிலும் இருக்காது. ஆறு சிறுபொழுதின் முழுப் பட்டியலை முதல் நாள் அறிமுகத்திலேயே கரும்பலகையில் எழுதி, இரண்டாம் நாள் கற்பித்தல் முடியும் வரை அழிக்காமல் வைத்திருங்கள், தேர்வுக்கு முன் மட்டும் அழியுங்கள். இல்லாவிட்டால் ஐந்தையும் சரியாகக் கற்ற குழுவும் இந்த வினாவில் தோற்கும்.

இரண்டாவது, தொல்காப்பியம் மருதத்துக்கு வைகறையோடு விடியலையும் சேர்த்துச் சொல்கிறது. அதைத் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால், காலையும் மருதத்தில் அடங்காதா என்று கேட்கும், கேட்பதில் நியாயமும் உண்டு. "பாடநூல் பட்டியலின்படி" என்ற இரண்டு சொல்லை வினாவின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

#18 தமிழ்_பத்து

சேர்த்துவிட்டேன். மருதத் தாளின் அடியில் விடியலைப் பற்றி ஒரு வரியும் போடுகிறேன். மருத வல்லுநர் குழு இரண்டும் அதை ஒத்திகையில் எப்படி விளக்குகிறது என்று சுற்றிவரும்போது முதலில் அங்கே நிற்கலாம்.